பிளானில் என் பெயர்

1

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: மெதடிஸ்த சபையின் வரலாறும் சமூகத்தின் மீது அதன் செல்வாக்கும். நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, பழைய படங்கள் இருந்தால் நல்லது. கொட்டாஞ்சேனை ஆலயத்தின் ஆண்டு நிறைவு விழா முடிந்து ஏழு வாரமாகிறது. விழா மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதனால் விழாவில் நடந்ததையும் சேர்த்து எழுத எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. மலர்க் குழுவினரை யாரும் திட்ட வேண்டாம். பிந்துகிறவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு அறவே கிடையாது.

என் பெயர் ஜெயமலர். கொட்டாஞ்சேனையை விட்டு வந்து இருபத்தாறு வருடம். வட இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்தில், ஒரு பஸ் கம்பனியில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்தத் தரிப்பிடத்தில் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவது என் தொழில். பஸ் பிந்தினால் ஊரே ஏசுவது எங்கள் அலுவலகத்தைத்தான்.

சென்ற வருடக் கடைசியில், அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அச்சடித்த தாளொன்றிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் படமெடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி, காலை எட்டரை மணி, ஆண்டு நிறைவு ஆராதனை, கொட்டாஞ்சேனை. பக்கத்தில்: ஜெயமலர், சோதனைப் பிரசங்கம். அதன் கீழே நான்கு நிமிடக் குரல் செய்தி.

"மலர், நான் புளோரன்ஸ் அக்கா கதைக்கிறன். உன்ர நம்பரை ஒரு கலியாண வீட்டில பிடிச்சனான். பிளான்ல பேர் போட்டாச்சு. இந்த முறை வாறாய்தானே?"

மிச்ச மூன்றேமுக்கால் நிமிடமும் மின்விசிறி பழுதான கதை.

எங்கள் சபையாருக்கு 'பிளான்' என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களில் பல ஆலயங்களைச் சேர்த்து ஒரு சேகரம் என்போம். ஒரு சேகரத்துக்குப் போதகர்கள் ஓரிருவர்தான். ஆகவே ஞாயிறுதோறும் பீடத்தில் ஏறிப் பேசுகிறவர்களில் பலர் போதகர்களே அல்லர். தாதி, தச்சர், கணக்கெழுதுபவர், ஆசிரியை என்று நாளாந்தம் வேறு வேலை பார்ப்பவர்கள், படித்து, சோதனைப் பிரசங்கம் செய்து, தேறி, உள்ளூர்ப் பிரசங்கியார் ஆவார்கள். எந்த ஞாயிறு, எந்த ஆலயம், எவர் என்று கட்டம் போட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் தாள்தான் பிளான். பெயர் ஏறினால் ஏறியதுதான். போக முடியாவிட்டால் மாற்று ஆளை நீங்களே தேடிப் பிடித்து அனுப்ப வேண்டும். காய்ச்சலோடு வந்து பேசியவர்களை எனக்குத் தெரியும். மழை வெள்ளத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவரையும் தெரியும். சொல்லாமல் வராமல் விடுவது மட்டும் நடக்காத காரியம்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் அந்த நடக்காத காரியத்தைச் செய்தவள் நான்.

2

நான் இருக்கும் நகரத்தில் ஒரு காலத்தில் ஐந்து மெதடிஸ்த ஆலயங்கள் இருந்தன. இன்று ஒன்று உடற்பயிற்சி நிலையம். ஒன்றை வீடுகளாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். ஒன்று இடிந்து கார் தரிப்பிடமாகிவிட்டது. எல்லாவற்றிலும் பெரியது இப்போது கார்ப்பெட் கடை. பீடம் இருந்த இடத்தில் சுருட்டிய கார்ப்பெட்டுகள் நிற்கின்றன. மேலே கண்ணாடி ஜன்னலில் திறந்த வேதப்புத்தகம் அப்படியே இருக்கிறது. எங்கள் வரவேற்பறைக் கார்ப்பெட்டை அங்கேதான் வாங்கினோம். விற்பனையாளர் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது நான் என்னை அறியாமல் தலைகுனிந்து நின்றதாக என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் வட்டுக்கோட்டைச் சைவர். என் சபையைக் கிண்டல் செய்யும் உரிமையைத் திருமணத்தோடு பெற்றுக்கொண்டவர்.

மெதடிஸ்தம் பிறந்த நாடு இது. அந்தப் பெயரே முதலில் ஒரு நையாண்டி. நேரத்துக்கு எழும்பி, நேரத்துக்கு ஜெபித்து, நேரத்துக்குச் சிறைக் கைதிகளைப் பார்க்கப் போன சில மாணவர்களைச் சக மாணவர்கள் 'மெதடிஸ்ட்', அதாவது 'முறைக்காரர்' என்று கேலி செய்தார்கள். கேலியையே பெயராக வைத்துக்கொண்டார்கள். தேவாலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது வயல்வெளியில் நின்று பேசினார்கள். கேட்க வந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்கள், நெசவாலையில் நின்றவர்கள். அவர்களிலிருந்தே பேச்சாளர்களை எடுத்தார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கூட்டக் குறிப்பு எழுதப் பழக்கினார்கள். பிறகு சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள் எழும்பியபோது முதலில் எழுந்து நின்று முதலாளியைக் கேள்வி கேட்டவர்களில் பலர், சின்னச் சின்ன ஆலயங்களில் பேசிப் பழகியவர்கள். சமூகத்தின் மீது செல்வாக்கு என்று மலர்க் குழு கேட்டதற்கு என் முதலாவது பதில் இதுதான். சாதாரண ஆளைப் பிடித்து எழுப்பி நிறுத்திப் பேச வைத்தார்கள்.

ஐந்தில் மிஞ்சிய ஓர் ஆலயத்துக்குத்தான் நான் போகிறேன். நாங்கள் பதினான்கு பேர். என்னைக் கழித்தால் எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். அங்கேயும் பிளான் வரும். ஆனால் கட்டங்களில் பெயருக்குப் பதிலாக 'உள்ளூர் ஏற்பாடு' என்று போட்டிருப்பார்கள். பேச ஆளில்லை, நீங்களே ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த ஞாயிறுகளில் யாராவது ஒரு ஜெபத்தை வாசிப்பார்கள், இரண்டு பாட்டுப் பாடுவோம், தேநீர் குடிப்போம். நான் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பேன். பிறகு கோப்பை கழுவுவேன். ஒரு காலத்தில் நான் பிரசங்கத்துக்குப் படித்தவள் என்று இருபத்தாறு வருடமாக அங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால், ஏன் விட்டாய் என்று கேட்பார்களே.

3

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆலயம் ஓர் இரும்புக் கடைக்கும் ஒரு லொட்ஜுக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும். சுற்றிவரக் கத்தோலிக்கர்கள். அவர்களுக்குச் சுரூபமும் வெடியும் பாண்ட் வாத்தியமுமாகப் பெருநாள். இன்னொரு பக்கம் கோயில் தேர். எங்களுக்கு ஒரு ஹார்மோனியமும் பிளானும். போதாக்குறைக்கு மதுவிலக்கு. திருவிருந்திலும் திராட்சை ரசம் புளிக்காத சாறாகத்தான் இருக்க வேண்டும். சாறு கிடைக்காத வருடங்களில் முந்திரிகை வற்றலை, அதாவது காய்ந்த திராட்சையை, அவித்துப் பிழிந்தார்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கச் சிநேகிதி என்னிடம் கேட்பாள்: "உங்கட பூசையில நெல்லிக் கிரஷ் குடுக்கிறவையாமே, ஐஸும் போடுவினமோ?"

இந்தத் தீவுக்கு எங்கள் சபை வந்த கதை நன்றாகவே ஆரம்பிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறிய குழுவின் தலைவர் நடுக்கடலில் இறந்துபோனார். மிஞ்சியவர்கள் வாலிபர்கள். தலைவர் இல்லாமல் காலித் துறைமுகத்தில் இறங்கி, கூடிப் பேசி, யார் எங்கே போவதென்று பிரித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மாத்தறை, காலி. என்னைக் கேட்டால் இந்த நாட்டின் முதலாவது பிளான் அதுதான். போன இடத்திலெல்லாம் பாஷை படித்தார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பெண்பிள்ளை படித்து யாருக்குக் கடிதம் எழுதப் போகிறாள் என்று தகப்பன்மார் திருப்பிக் கேட்டார்களாம். அந்தப் பிள்ளைகளின் பேத்திமார்தான் கொழும்பில் டொக்டரும் ரீச்சரும் டைப்பிஸ்டும் ஆனார்கள்.

எல்லாம் நல்லது என்று மலருக்காகப் பொய் எழுத மாட்டேன். பிள்ளைகளின் தமிழ்ப் பெயரை மாற்றினார்கள். கோயில் மேளத்தைக் காது கொடுத்துக் கேட்கவே பாவம் என்றார்கள். அதற்கு யாழ்ப்பாணம் நல்ல பதிலும் சொன்னது. பாதிரிமாரோடு இருந்து வேதத்தைத் தமிழாக்க உதவிய ஒரு சைவ அறிஞரே வெளியே வந்து, அதே அச்சுக்கூடம், அதே பள்ளிக்கூடம், அதே வாராந்தப் பிரசங்கம் என்று சைவத்தைத் தூக்கி நிறுத்தினார். என் கணவர் இந்தக் கதையை விருந்தாளிகள் வரும்போதெல்லாம் சொல்லுவார்.

"மலற்ற ஆக்கள் எங்களுக்குச் செய்த பெரிய உதவி அதுதான். அவை வந்திருக்காட்டி நாங்கள் இன்னும் நித்திரை."

சொல்லிவிட்டு, விருந்தாளிக்கு மட்டும் விஸ்கி ஊற்றி, தனக்குத் தோடம்பழச் சாறு எடுப்பார். படித்தது மெதடிஸ்தப் பள்ளிக்கூடம். சாமி மாறவில்லை, பழக்கம் ஒட்டிக்கொண்டது.

4

புளோரன்ஸ் அக்கா புதுக்கடை நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். எங்கள் சேகரத்தின் பிளானை ஸ்டென்சிலில் தட்டெழுதிப் பிரதி எடுப்பது அவர்தான். அந்தக் காலத்தில் அவர் வாயைத் திறந்து நான் கண்டதில்லை. நீதவான் சொன்னதைத் தட்டினார், சட்டத்தரணி சொன்னதைத் தட்டினார், போதகர் சொன்னதைத் தட்டினார். ஆலயக் கூட்டத்தில் ஏதாவது சொல்ல விரும்பினால் துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்து ஆளிடம் கொடுப்பார். என்னைப் பிரசங்கத்துக்குப் படிக்கச் சொன்னதும் அப்படி ஒரு துண்டில்தான். 'உனக்குக் குரல் இருக்கு. படி.' அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

படித்தேன். சோதனைப் பிரசங்கத்துக்கு நாள் குறித்து, பிளானில் பெயர் வந்தது. பதினொரு பக்கம் எழுதி, மேல்மாடி வாடகை அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பேசிப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய புதன்கிழமை எனக்கு விசா வந்தது. பதிவுத் திருமணம் முடிந்து கணவர் இங்கிலாந்தில் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை விமானம். அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் நாளை வெளியே சொல்வதில்லை. சொன்னால் தடங்கல் வரும். கண்ணூறு, யாரோ எழுதிப் போடும் பெட்டிசம், விமான நிலையத்தில் மறிப்பு, ஏதோ ஒன்று. போய்ச் சேர்ந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியும். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். புளோரன்ஸ் அக்காவுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினேன். போகும் வழியில் அவர் வீட்டுக் கதவுக்குக் கீழே தள்ளிவிடலாம் என்று கைப்பையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை அவசரத்தில் மறந்துபோனேன். கடிதம் என்னோடு விமானம் ஏறியது.

இங்கிலாந்தில் இறங்கிப் பையைத் திறந்தபோது அதைக் கண்டேன். அன்றே தபாலில் போட்டிருக்கலாம். வெட்கத்தில் போடவில்லை. அடுத்த வாரம் போடுவோம் என்றிருந்தேன். பிறகு வருடங்கள் ஆகிவிட்டன. இடையில் இரண்டு தடவை கொழும்புக்கு வந்தும் வெள்ளவத்தையோடு திரும்பிவிட்டேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓட்டோ திரும்பினாலே வேறு வழியால் போகச் சொல்லுவேன்.

இந்தத் தடவையும் போகாவிட்டால் இனி ஒரு நாளும் போக மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. புளோரன்ஸ் அக்காவுக்கு எழுபத்துநாலு வயது. 'வாறன்' என்று பதில் போட்டேன்.

5

அக்கா லேசில் விடுகிற ஆளில்லை. சபை அங்கத்தவள் என்பதற்கு இங்கிலாந்துச் சேகரத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார். எங்கள் போதகர் ஒரு பெண்மணி, ஏழு ஆலயங்களை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு திரிபவர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்தே விட்டார். "நீங்கள் பிரசங்கத்துக்குப் படித்தவரா? நான் இந்த நகரம் முழுக்க ஆள் தேடுகிறேன், நீங்கள் எனக்குப் பின்னால் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தீர்களா?" கடிதத்துக்கு முன் இரண்டு படிவம், ஒரு பொலிஸ் சான்றிதழ், கணினியில் ஒரு பாடநெறி. ஆபத்தான ஏணியில் ஏறக் கூடாது என்பதுவரை அந்தப் பாடநெறியில் இருந்தது. வயல்வெளியில் நின்று கல்லெறி வாங்கியவர்கள் ஆரம்பித்த சபை.

விசாப் படிவத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம். பிரசங்கம் என்று போட்டால் வேறு விசா, வேறு வரிசை என்று கணவர் பயமுறுத்தினார். உறவினரைப் பார்க்க என்று போட்டேன். பொய் இல்லை.

மகள் மைதிலிக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழக விடுமுறை. ஆலயம், கோயில் இரண்டுக்கும் வராத பிள்ளை. கேட்டால், இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்ததால் நடுவில் நின்றுவிட்டேன் என்பாள். இந்தப் பயணத்துக்கு மட்டும் தானாக வருகிறேன் என்றாள். கடற்கரைக்காக என்று நினைத்தேன்.

6

வெள்ளவத்தையில் கணவரின் தங்கை சாந்தி வீட்டில் தங்கினோம். எட்டாம் மாடி. கீழே ரயில், அதற்கப்பால் கடல். கடைக்குப் போய் நான் தமிழில் கேட்டால் கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். என் உடுப்பா நடையா காட்டிக்கொடுத்தது தெரியவில்லை. மைதிலியோ யூடியூபில் பொறுக்கிய நான்கு சிங்களச் சொல்லோடு போய், மல்லி, அய்யே என்று தம்பி அண்ணன் முறை வைத்துக் கதைத்து, இரண்டு மங்குஸ்தான் அதிகம் வாங்கிவந்தாள்.

பல்கனியில் நின்று என் பழைய பதினொரு பக்கத்தையும் உரத்து வாசித்துப் பார்த்தேன். தாள் மஞ்சளாகியிருந்தது. சாந்தி முருங்கையிலை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். திருநீறு அழியாத நெற்றி அவளுடையது.

"மச்சாள், ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?"

"சொல்லு."

"முழுக்க ஏச்சாக் கிடக்கு. கோயிலுக்கு வந்த சனத்தை ஏன் ஏசுறியள்? வராத ஆக்களையல்லோ ஏச வேணும்."

"வராத ஆள் நான்தானே."

"அப்ப அதைச் சொல்லுங்கோவன்."

இருபத்தாறு வயதில் எனக்கு உலகத்தில் எல்லாமே தெரிந்திருந்தது என்பது அந்தத் தாள்களில் நன்றாகத் தெரிந்தது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

7

வியாழக்கிழமை மைதிலியோடு ஆலயத்துக்குப் போனேன். லொட்ஜை உடைத்து மாடிக்கட்டடம் எழுப்பியிருந்தார்கள். இரும்புக் கடை அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் தெருவரை கேட்டது. மின்விசிறி திருத்த வந்தவரைச் சிங்களத்தில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் புளோரன்ஸ் அக்கா. ஓய்வு பெற்றபின் வாய் திறந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைக் கண்டதும் அவர் பேச்சு நின்றது. கன்னத்தைத் தடவினார். "மெலிஞ்சு போனாய்" என்றார். நான் மெலியவில்லை. அது எங்கள் ஊர் வரவேற்பு.

சுவரில் பிளான் தொங்கியது. என் வரியை மட்டும் படமாகப் பார்த்திருந்தேன். இப்போது முழுத் தாளையும் பார்த்தேன். மூன்று மாதத்தில் ஐந்து இடங்களில் ஒரே பெயர். புளோரன்ஸ்.

"அக்கா, இது நீங்களா?"

"வேற எந்தப் புளோரன்ஸ் இஞ்ச?"

"நீங்கள் பிரசங்கம் செய்யிறனீங்களா? எப்ப தொடக்கம்?"

"நீ வராத நாள் தொடக்கம்."

வாங்கில் இருத்தி, நடந்ததைச் சொன்னார். "எட்டரைக்குத் தொடங்கினது. நீ இல்லை. கீர்த்தனை பாடினம், இன்னொண்டு பாடினம், மூண்டாவதும் பாடியாச்சு. ஒம்பது மணி. போதகர் ஐயா மற்ற ஆலயத்தில. அந்தச் சண்டைக் காலத்தில ஒரு தமிழ் ஆள் வரேல்லை எண்டால் என்ன நினைப்பம், சொல்லு பாப்பம். றோட்டில செக்கிங். பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் எண்டுதான் நினைச்சன். ஒருத்தரும் எழும்பேல்லை. எனக்கு என்ன வந்துதோ தெரியாது, எழும்பிப் போய்ப் பீடத்தில நிண்டிட்டன். எங்கட பிள்ளைக்கு ஏதோ நடந்திட்டுது, ஜெபம் பண்ணுவம் எண்டன். அரை மணித்தியாலம். சனம் முழுக்க அழுதுது. நானும் அழுது அழுதுதான் கதைச்சனான். அதுதான் என்ர முதல் பிரசங்கம்."

"பிறகு?"

"பிறகு நாலு பேர் பொலிசுக்குப் போனம், உன்னைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ எண்டு. அங்க நிக்கேக்க உன்ர வீட்டுக்காரம்மா ஓடி வாறா. அவள் வெள்ளிக்கிழமையே லண்டனுக்குப் போட்டாள் எண்டு."

மைதிலி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகைதான். இத்தனை வருடமும், ஒரு பிரசங்கம் தவறியது, ஆட்கள் கோபப்பட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் எனக்காக அழுதுகொண்டிருந்த நேரத்தில் நான் இங்கிலாந்தில் புது மெத்தையில் நித்திரை. அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அழாதை. அடுத்த ஞாயிறும் நான்தான் எழும்பி நிண்டு சொன்னனான், ஆள் உயிரோட இருக்கு, இங்கிலாந்தில இருக்கு எண்டு. சனம் கை தட்டினது. ஆலயத்தில கை தட்டினதை அண்டைக்குத்தான் கண்டனான். அதுக்குப் பிறகு என்னை இருத்த ஒருத்தராலயும் ஏலாமல் போச்சு. நீ வந்திருந்தால் நான் இண்டைக்கும் துண்டு எழுதிக்கொண்டுதான் இருந்திருப்பன்."

சொல்லிவிட்டு மின்விசிறிக்காரர் பக்கம் திரும்பிவிட்டார்.

8

ஞாயிறு காலை ஆறரைக்கே வெள்ளவத்தையில் ஓட்டோ ஏறினோம். ஓட்டிவந்தவர் நிஸாம் நானா, சாந்திக்கு வழமையானவர். வெள்ளைச் சேலையைப் பார்த்து எங்கே என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்களா பயான் பண்ணப் போற? ஒங்கட பள்ளியில பொம்புளையளும் பேசுவாங்களா?"

"ஓம் நானா."

"அப்ப லேட்டாகப் படாது" என்று முறுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு ஆலய வாசல். கதவு பூட்டு. நானும் மைதிலியும் படியில் இருந்தோம். ஏழரைக்குத் திறப்புக்கோர்வையோடு வந்த புளோரன்ஸ் அக்கா என்னைக் கண்டு நின்றார்.

"இருவத்தாறு வருசம் பிந்தினாலும், ஒரு மணித்தியாலம் முந்தி வந்திட்டாய்."

எட்டரைக்கு ஆலயம் நிரம்பியிருந்தது. என்னைத் தெரிந்த முகங்கள் பத்துக்குள். முதல் வாங்கில் போதகரும் அக்காவும் பேனாவோடு. சோதனைப் பிரசங்கத்தைக் கேட்டு அறிக்கை எழுத இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது முறை.

நான் தாள் எடுத்துப் போகவில்லை. எழுந்து நின்று முதலில் அதைச் சொன்னேன். "இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, இதே நேரம், இதே இடத்துக்கு நான் வர வேண்டியிருந்தது. நான் வரவில்லை. என் கையில் விமான டிக்கெட் இருந்தது. நீங்கள் எனக்காக அழுதீர்கள். அது எனக்கு இந்த வியாழக்கிழமைதான் தெரிய வந்தது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்." பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பின் வாங்கிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, "நானும் அண்டைக்கு அழுதனான், பிள்ளை. பரவாயில்லை, சொல்லு" என்றார். ஆலயமே சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது.

பிறகு இந்தக் கட்டுரையில் எழுதிய வரலாற்றைத்தான் சொன்னேன். கடலில் இறந்த தலைவர், காலியில் இறங்கிய வாலிபர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், கார்ப்பெட் கடை. "இங்கே ஒருவர் வரவில்லை என்றபோது இன்னொருவர் எழுந்தார். அங்கே ஒருவரும் எழுவதில்லை. நானும் எழவில்லை. கோப்பை கழுவினேன்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது.

வெளியே பற்றிஸும் நெஸ்கபேயும் கொடுத்தார்கள். மைதிலி பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, எனக்குப் பாதிதான் விளங்கினது. விளங்கின பாதி நல்லா இருந்தது." பிறகு, "நீங்கள் ஓடி வந்தனீங்கள் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் உங்களை எப்பவும் எல்லாம் சரியாச் செய்யிற ஆள் எண்டு நினைச்சு, பயந்து வளந்தனான்" என்றாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பற்றிஸ் சேலையில் நசிந்தது.

புளோரன்ஸ் அக்கா, ஆலய அலுவலக அறையில் அப்போதே தட்டெழுதிய ஒரு தாளை நீட்டினார். திங்கட்கிழமைவரை பொறுக்க அவரால் முடியவில்லை. 'வருகை: நேரத்துக்கு முன். குரல்: கடைசி வாங்கு வரை கேட்டது. நீளம்: கூடிவிட்டது. பொருள்: தன்னைப் பற்றி அதிகம், ஆயினும் தேவைப்பட்டது. முடிவு: தேறினார்.' கீழே இரண்டு கையொப்பம்.

"இதை அங்க கொண்டு போய்க் குடு. உங்கட பிளான்ல வெறும் கட்டம் கிடக்கு எண்டு சொன்னாய்தானே."

9

கொடுத்தேன். எங்கள் போதகர் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, நீளம் கூடிவிட்டது என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னும் படிவங்கள் இருக்கின்றன, அது வேறு கதை. புதிய பிளான் சென்ற மாதம் வந்தது. எங்கள் ஆலயத்துக்கு நேரே மூன்று 'உள்ளூர் ஏற்பாடு' இருக்கின்றன. நான்காவதாக இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர். எழுத்துப் பிழையோடுதான், ஆனாலும் என் பெயர்.

அந்த ஞாயிறு நாளைக்கு. காலை பத்தரை. மைதிலி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. கணவர் எல்லோருக்கும் முந்தி காருக்கு எண்ணெய் அடித்து வைத்துவிட்டார். தான் வெளியே காரிலேயே இருப்பாராம், குளிராக இருந்தால் மட்டும் உள்ளே வருவாராம். இந்த மாதத்தில் இங்கே எப்போதும் குளிர்தான்.

பிளானைப் படமெடுத்துப் புளோரன்ஸ் அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். சற்று முன் பதில் வந்தது. நான்கு நிமிடம் இல்லை, அபூர்வமாக ஒரே ஒரு வசனம்.

"நாளைக்கு எங்கயும் பிளைட் எடுத்துப் போடாதை, என்ன!"

இல்லை, அக்கா. ஆலயத்துக்குத்தான் போவேன்.